சாமி பேரில் முதல் என்ட்ரி

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று உத்திரமேரூர் லேபில் எழுதிக் கொடுத்த அன்று ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ என்று மதியத்துக்குள் என் மேஜை நாட்டு மருந்துக் கடை மாதிரி ஆகிவிட்டது. சர்வர் ரூமிலிருந்து தண்ணீர் குடிக்க வெளியே வந்த மேடம் மட்டும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போன தடவ எவ்ளோண்ணா இருந்திச்சி?"

"போன தடவன்னு ஒண்ணு இல்ல மேடம். இதான் மொத தடவ."

"அப்போ இத்த வெச்சி ஒண்ணியும் சொல்ல முடியாது."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு மனுஷன் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான், ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் மேடத்திடம் ஆறுதல் எதிர்பார்ப்பது சர்வர் ரூமில் புழுக்கம் எதிர்பார்ப்பது மாதிரி. அங்கே எப்போதும் ஏசி.

அவர் குணமே அதுதான். ஒரு நம்பரைத் தனியாகக் கொண்டுவந்து காட்டினால் நம்ப மாட்டார். கரண்ட் பில் அதிகமாக வந்துவிட்டது என்று யாராவது புலம்பினால், "மீட்டர இப்ப ஒரு தடவ பாருங்க, கொஞ்ச நேரம் வுட்டு இன்னொரு தடவ பாருங்க, நடுவுல இன்னா ஓடிச்சின்னு பாருங்க" என்பார். ஆபீஸ் பையன் ஒருநாள் முதலாளி தன்னை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து திட்டிக்கொண்டே இருக்கிறார் என்று கண் கலங்கினான். மேடம் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "சேந்த நாள்லருந்து கணக்கு வேணாம்பா. காத்தாலருந்து எத்தினி தடவ திட்னாரு, அத்த சொல்லு." பையன் யோசித்துப் பார்த்தான். அன்றைக்கு ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அவன் சிரித்துக்கொண்டே போனான். அவருக்கு அவனைச் சிரிக்க வைக்கும் எண்ணமெல்லாம் இல்லை. கணக்கு கேட்டார், அவ்வளவுதான்.

எங்களுடையது ஒரு தனியார் பால் கம்பெனி. சுற்றுப்பட்டு கிராமங்களில் பூத் வைத்துக் காலையும் சாயங்காலமும் பால் எடுப்போம். ஒவ்வொரு பூத்திலும் ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. பால் ஊற்றுகிறவர் தன் நம்பரைச் சொல்வார். எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்று மெஷின் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும். அதே நேரத்தில் அந்தக் கணக்கு எங்கள் ஆபீஸ் சர்வரில் இருக்கும் டேட்டாபேஸில் வந்து உட்காரும். அந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது மேடத்தின் வேலை. பால் வண்டிகளை ஓட்டிப் பார்த்துக்கொள்வது என் வேலை. பூத்துக்குப் பூத் போய் மெஷினை மாட்டி, எந்த பட்டனை எப்போது அமுக்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது மேடத்தின் கணவர் வேலை. மூன்று பேரில் சிரித்த முகம் அவருக்குத்தான்.

ஆபீஸில் மேடம் அவரை "ட்ரெய்னிங்" என்றுதான் குறிப்பிடுவார். "ட்ரெய்னிங் வந்தா சாப்பாட்டு டப்பா உள்ள கீதுன்னு சொல்லுங்கண்ணா." தாலி கட்டினவரை டிபார்ட்மெண்ட் பேர் வைத்துக் கூப்பிடுகிற ஒரே பெண்மணி நீங்கள்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார். "வூட்லயும் அப்டித்தாண்ணா" என்பார்.

அவர் போனது தை மாதத்தில். சாலவாக்கம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, ஒரு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு வலி. எழுந்திருக்கவில்லை. டவுன் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். யாரோ வெயிலுக்கு ஒதுங்கித் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாளே மேடம் வேலைக்கு வந்துவிட்டார். வழக்கமான நேரம், வழக்கமான பை. இரண்டு டப்பாவுக்குப் பதில் ஒரு டப்பா. கண் வீங்கியிருக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் பெண்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். "கல்லு" என்றாள் ஒருத்தி. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது, வெளியே சொல்லவில்லை. தினமும் காலையில் அவரைப் பார்த்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். வேறு என்ன கேட்பது?

"நேத்துக்கும் இன்னிக்கும் வித்தியாசம் இல்லண்ணா" என்பார்.

முதல் தடவை கேட்டபோது அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரமும் அதே பதில். மாசி பிறந்தும் அதே பதில். முகத்திலும் ஒன்றும் இல்லை, சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி. அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். எனக்கும்கூட அந்த நாட்களில் எதுவும் சரியாக உறைக்கவில்லை. சாயங்காலம் டீ சொல்லும்போது வாய் தானாக மூன்று என்றுதான் சொல்லும். மூன்றாவது டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அழுகையும் வராது, ஒன்றும் வராது.

பங்குனியில் சர்வர் படுத்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு எல்லா பூத்திலிருந்தும் ஒரே நேரத்தில் எனக்கு போன். மெஷின் அளக்கிறது, சீட்டு வரவில்லை. சீட்டு இல்லாமல் யாரும் கேனில் பாலை ஊற்ற மாட்டார்கள், ஊற்றவும் கூடாது. வெயில் ஏற ஏறப் பால் திரிந்தது. நான் போன பூத்தில் ஒரு பெரியவர் தூக்குப் பாலை என் வண்டி டயர்மேல் ஊற்றிவிட்டு, "இந்தா, நீயே காச்சிக் குடி" என்று போய்விட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தால், மேடம் அதற்குள் சர்வரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்.

"இன்னா மேடம் ஆச்சி?"

"லாக் ரொம்பிட்ச்சிண்ணா."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். டேட்டாபேஸில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மாற்றத்தை அது முதலில் ஓரமாக ஒரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் அதைப் பார்த்துத்தான் விட்ட இடத்தைப் பிடிக்கும். அதற்குப் பெயர் லாக். ஒரு ஃபைல் நிரம்பினால் அதைப் பக்கத்து டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததில் எழுதும். பக்கத்து டிஸ்க்கும் நிரம்பிவிட்டால் எழுத இடமில்லை என்று மொத்தமாக நின்றுவிடும். பழைய ஃபைல்களை மேடம் அவ்வப்போது வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுவார், ஒருநாளும் தொந்தரவு வந்ததில்லை. இப்போது என்னவோ கண்டபடி எழுதிக்கொண்டிருக்கிறது.

"எது எழுதுது?"

"அதான் பாக்கணும்."

முதலாளி வந்து பழசையெல்லாம் அழித்துவிடச் சொன்னார். அக்கவுண்ட்ஸ் ரிப்போர்ட் ஓடுவதால்தான் இப்படி என்று டிரைவர்கள்கூடச் சொன்னார்கள். அந்த ரிப்போர்ட் போட்டால் ஆபீஸே ஸ்லோ ஆகும் என்பது ஊருக்கே தெரியும். மேடம் தலையாட்டி மறுத்தார். "அது படிக்கிது. படிக்கிறது எவ்ளோ பெருசா இருந்தாலும் இவ்ளோ லாக் வராது. மாத்தி எழுதறதுக்குத்தான் லாக் வரும். யாரோ எதையோ மாத்திக்கினே கீறாங்க."

அப்புறம் தன் பாணியில் உட்கார்ந்தார். லாக் ஃபைல்கள் எந்தெந்த நேரத்தில் நிரம்புகின்றன என்று பார்த்தார். பால் எடுக்கிற நேரத்தில்தான், அதுவும் பூத் திறந்த கையோடு. பால் அளவு ஏறியிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். வெயில் காலம், ஏறுவதாவது, குறைந்துதான் இருந்தது. அடுத்து, சர்வரோடு இணைந்திருக்கிற ஒவ்வொரு பூத்தும் இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறது என்று எடுத்தார். நான் எட்டிப் பார்த்துப் பெரிய நம்பரைக் காட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"அது எப்பவோ கனெக்ட் ஆன பூத்துண்ணா. அன்னிலருந்து சேத்து வெச்ச மொத்தம் அது. மொத்தத்த பாத்தா பயம்தான் வரும், விஷயம் வராது." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடி எடுத்தார். புதியதிலிருந்து பழையதைக் கழித்தார்.

எல்லா பூத்தும் ஏறியிருந்தது. அதிகம் ஏறியிருந்தது சாலவாக்கம் பக்கத்து பூத். அங்கே உட்காருகிறவள் பெயர் தேவகி.

இது எப்படியோ முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்ட நிம்மதி. அவருடைய உறவில் ஒரு பெண் அந்த பூத்தை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டும் இருந்தாள். "அந்தப் பொண்ணு இன்னாத்தையோ அமுக்கிக்கினு கீது. மாத்திடுங்க. எத்தினி ஊர்ப் பால் கெட்டுச்சி" என்றார். தேவகிக்குப் புருஷன் சரியில்லை. பூத் போனால் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான், அங்கேயும் சேர்க்க ஆளில்லை. இது எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

"அவங்க பூத்துல ஆளுங்க ஜாஸ்தி சார், அதான் மேல தெரியுது. எல்லா பூத்தும்தான் ஏறுது," என்றார் மேடம். "யாருன்னு தேடாதீங்க. எதுன்னு மொதல்ல பாத்துடறேன்."

"வெள்ளிக்கிழமக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி ஆள மாத்திடுவேன். அப்பாலிக்கா என்ன கேக்கக்கூடாது."

யார் என்று கேட்பது மேடத்துக்கு எப்போதுமே பிடிக்காது. கணவர் செத்தபோது, அந்த வழியாகப் போன பஸ்ஸில் யாராவது இறங்கிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உறவுக்காரர்கள் ஆத்திரப்பட்டார்கள். எந்த பஸ், யார் கண்டக்டர் என்று விசாரிக்கக் கிளம்பினார்கள். மேடம்தான் வேண்டாம் என்று உட்கார வைத்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பால் ஊற்றுகிற கணக்கு இருக்கும் டேபிளில், அதாவது டேட்டாபேஸுக்குள் இருக்கும் பட்டியலில், வழக்கமான அளவுதான் எழுதுகிறது. ரேட் போட்டு வைக்கிற டேபிளில்தான் கொட்டுகிறது. மாதப் பிறப்பிலிருந்து அந்தந்த பூத்தில் பால் ஊற்றின அத்தனை பேர் கணக்கையும் தினம் இரண்டு வேளை யாரோ மாற்றி எழுதுகிறார்கள்.

"இன்னாவா மாத்துது?"

"அங்கதான் பேஜாரு. பழைய நம்பரும் புது நம்பரும் ஒண்ணாதான் கீது. நாப்பதுன்னு கீறத நாப்பதுன்னு மாத்துது. நம்ப கண்ணுக்கு ஒண்ணியும் மாறல. ஆனா மாத்தினது மாத்தினதுதானே, லாக் எய்திக்கினே போவுது."

அந்த நாற்பதையும் நாற்பதையும் அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் டீ வாங்கி வந்தேன். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கருந்து தெரியாதுண்ணா. பூத்துல குந்தி பாக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலப் பாலுக்கு என் பைக்கில் போனோம். அந்த வேப்ப மரம் அந்த ரோட்டில்தான் இருக்கிறது. அது வந்ததும் என் கை தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டது. பின்னாலிருந்து மேடம் கேட்டார்.

"ஏண்ணா ஸ்லோ பண்றீங்க? பள்ளம் ஒண்ணியும் இல்லியே."

நான் வேகத்தைக் கூட்டினேன். மேல்காற்றில் கண்ணில் தூசி விழுந்தது, உண்மையாகவே தூசிதான்.

தேவகி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். தன்னை மாற்றப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, முகம் அப்படி இருந்தது. மேடத்தை அவளுக்குத் தெரியும். சாவு வீட்டுக்கு வந்து, கூட்டத்தோடு நின்று அழுதுவிட்டுப் போனவள். நீ பாட்டுக்கு வழக்கம்போல் செய் என்று சொல்லிவிட்டு மேடம் மூலையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

தேவகி கை கழுவினாள். மெஷினைத் துடைத்தாள். வெளியே பத்துப் பேர் தூக்குகளோடு காத்திருக்க, யாரையும் கூப்பிடாமல் கம்ப்யூட்டரில் ஜீரோ என்று ஒரு நம்பர் போட்டாள். பெயர் இருக்கிற இடத்தில் கங்கையம்மன் என்று வந்தது. லிட்டர் இருக்கிற இடத்தில் சைபர். பட்டனை அமுக்கினாள். வந்த சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தின் பின்னால் செருகினாள். அதற்கப்புறம்தான் முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

"லாக் ஏறிட்ச்சி," என்றார் மேடம் தனக்குள். பிறகு நிமிர்ந்து, "இது இன்னாம்மா, ஜீரோவுல?"

"சாமிக்கு மேடம். மொத என்ட்ரி சாமி பேர்ல. அப்பாலிக்காதான் ஊருக்கு."

"எப்பருந்து?"

தேவகி என்னைப் பார்த்தாள். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"சும்மா சொல்லும்மா. எப்பருந்து?"

"மெஷினு வெச்ச நாள்லருந்து மேடம். சார்தான் சொல்லிக் குடுத்தாரு." குரல் இறங்கிவிட்டது. "எனக்கு கை நடுங்கிக்கினே இருந்திச்சி. தப்பா அமுக்கிடுவேன், ஊர்ல அடிக்க வருவாங்கன்னு சொன்னேன். அவுரு சிரிச்சிட்டு, மொதல்ல சாமிக்கு ஒண்ணு போடு, சைபர் லிட்டரு, தப்பா போட்டாலும் சாமி கோச்சிக்காது, அதுக்குள்ள கை நின்னுடும்னாரு. எல்லா பூத்துலயும் அப்டித்தான் சொல்லிக் குடுத்தாராம்."

அவர் அப்படிப்பட்ட ஆள்தான். பெயர் இருக்கிற இடத்தில் அந்தந்த ஊர்ச் சாமியை அவரே தட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு ஊரில் பிள்ளையார், ஒரு ஊரில் பச்சையம்மன். என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"இன்னொரு தடவ போடுங்க," என்றார் மேடம்.

தேவகி போட்டாள். மேடம் போடுவதற்கு முன் இருந்த நம்பரையும் போட்ட பின் வந்த நம்பரையும் பார்த்தார், கழித்தார். "சரி" என்று லேப்டாப்பை மூடினார்.

விஷயம் இவ்வளவுதான். ஜீரோ நம்பருக்கு முன்பெல்லாம் அர்த்தமே கிடையாது, சாமிக்குக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாசியில் சாஃப்ட்வேர் புது வெர்ஷன் வந்தது. அதில் ஜீரோ போட்டால் ரேட் மாறிவிட்டது என்று அர்த்தம், அந்த பூத்தின் மொத்த மாசக் கணக்கையும் அது திரும்பப் போட்டு எழுதும். இனி ஜீரோ போடக் கூடாது என்று பூத்துகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சாஃப்ட்வேர்காரர்கள் போனிலேயே சொல்லியிருந்தார்கள். முதலாளியும் சரி என்றிருந்தார். போய்ச் சொல்ல வேண்டிய நாற்காலியில்தான் ஆள் இல்லை. அதற்கு முதலாளி புது ஆள் போடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் மேடம் இதை அப்படியே சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அது கம்ப்யூட்டர் சமாச்சாரம் மேடம். எனக்கு அது வேணாம். இந்த ஜீரோவ ஆரம்பிச்சது யாரு? தேவகிதானே?"

வழக்கம்போல் பேர் எதுக்கு சார் என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் தேவகியின் வேலை போய்விடும். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்க முடியவில்லை, போனவன் மேல் எப்படிக் கையைக் காட்டுவது?

"எங்க வூட்டுக்காரரு," என்றார் மேடம்.

சாய்ந்து உட்கார்ந்திருந்த முதலாளி நிமிர்ந்தார்.

"அவருதான் சொல்லிக் குடுத்தாரு. இனிமே வேணாம்னு போயி சொல்ல வேண்டியதும் அவருதான் சார். அவரு இல்ல."

"நான் அந்த அர்த்தத்துல கேக்கல மேடம்..."

"நீங்க பேரு கேட்டீங்க சார்."

முதலாளி மேஜைமேல் இருந்த பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். தேவகி பூத்திலேயே இருக்கட்டும் என்றார். வெளியே வந்ததும் மேடத்திடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. வேலை விஷயத்தையே பேசினேன்.

"சர்வர்லயே ஜீரோவ அடைச்சிட முடியாதா? எதுக்கு அலையணும்?"

"ஒரு நிமிஷ வேல. அடைச்சா காத்தால சாமி பேர்ல போடற மொத என்ட்ரியே எர்ரர்னு செவப்பா வரும். சாமியே வேணாம்னு சொல்லிட்ச்சின்னு அன்னிக்கு ஊர்ல ஒருத்தரும் பால் ஊத்த மாட்டாங்க. நேர்ல போயி சொன்னாத்தான் ஆவும்."

"நான் போறேன். நீங்க வேணாம்."

"இல்லண்ணா. நானும் வரேன்."

அவர் ஏன் வந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இப்போது மேடம் எங்கள் ஆபீஸில் இல்லை, மகளின் காலேஜுக்காகச் சென்னைப் பக்கம் போய் நாளாகிவிட்டது, இனிக் கேட்கவும் போவதில்லை. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அந்த மனுஷன் விட்டுப்போனதில் உயிரோடு நடந்துகொண்டிருந்தது அந்த ஒரு என்ட்ரிதான். காலையும் சாயங்காலமும், ஒவ்வொரு ஊரிலும், அவர் சொன்ன மாதிரியே. அதை நிறுத்துகிற வேலை மேடத்தின் தலையில் விழுந்தது. வேறொருத்தர் கையால் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

ஒவ்வொரு பூத்திலும் அவரைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒருத்திக்கு வெல்லம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஒருத்தியின் மாமியாருக்கே சீட்டு அடிக்கச் சொல்லிக் கொடுத்து மருமகளோடு சண்டையை நிறுத்தியிருக்கிறார். மேடம் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கதை முடிந்ததும், "இனிமே ஜீரோ போட வேணாம். நேரா ஒண்ணாம் நம்பர்லருந்து ஆரம்பிங்க" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து முதல் என்ட்ரியைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பில் லாக் கூடுதலாக ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த ஊர். நான் வண்டி ஓட்டுகிறவன், ஓட்டினேன். இரண்டு பேருமே மரத்துப்போய்த்தான் சுற்றினோம்.

கடைசி பூத் திருப்புட்குழிப் பக்கம். ரொம்பத் தள்ளி இருப்பதால் அங்கே டிரைவரோடு பால் வண்டி மட்டும்தான் போகும், நான்கூட அதுவரை போனதில்லை. மேடத்தின் கணவர் மெஷின் மாட்டப் போனதோடு சரி. உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்சம் கறார். எங்களை உள்ளே விடவே அடையாள அட்டை கேட்டார். மேடம் விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க சொல்றீங்கன்னு நிறுத்த முடியாதும்மா," என்றார் அவர். "பெருமாள் பேர்ல போடறது. அந்த சாரு சொல்லிட்டுப் போயிருக்காரு, யாரு வந்து சொன்னாலும் இத்த மட்டும் வுடாதேன்னு. அவர வரச் சொல்லுங்க. அவுரு வாயால ஒரு வார்த்த சொன்னா வுட்டுடறேன்."

நான் முன்னால் போகப் பார்த்தேன். மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அவரு வர மாட்டாரு."

"ஏன், வேற ஊருக்கு மாத்திட்டாங்களா?"

"இல்ல."

"வேலய வுட்டுட்டாரா?"

கணவரைப் பற்றிக் கேட்டால் "இல்ல" என்பதற்கு மேல் மேடத்தின் வாயிலிருந்து வேறு சொல் வந்து நான் கேட்டதில்லை. தையிலிருந்து, ஆபீஸில், போனில், யார் கேட்டாலும் அவ்வளவுதான். வெளியே பால்காரர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று சத்தம் போட்டார்கள். மேடம் லேப்டாப் பையின் வாரை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"செத்துட்டாரும்மா," என்றார்.

அந்த அம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரே ஒரு நாள் பார்த்த மனுஷனுக்காக அப்படி அழுதார். வரிசையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நானும் உடைந்துவிட்டேன். இத்தனை மாதம் வராத அழுகை ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் வந்தது, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மேடம் மட்டும் நின்ற இடத்திலேயே, அந்த அம்மா அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

ஒருவழியாக அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் ஆளைக் கூப்பிட்டார். சீட்டு வந்தது. மேடம் லேப்டாப்பைப் பார்த்தார், கூடுதலாக ஒன்றும் ஏறவில்லை. மூடிப் பையில் வைத்தார். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்.

"சம்சாரம் கீறாங்களா அவருக்கு?"

"கீறாங்க."

"எப்டி கீறாங்க, பாவம்?"

"வேலைக்குப் போய்க்கினு கீறாங்க."

"பாத்தா சொல்லும்மா. திருப்புட்குழிலருந்து ஒருத்தி கேட்டான்னு."

"சொல்றேன்," என்றார் மேடம்.